வலி போனதும் பல் சரியாகிவிடுமா?

அன்புள்ள கார்த்திக்,

உன் மெசேஜ் பார்த்தேன். மாத்திரை போட்டதும் வலி சுத்தமாகப் போய்விட்டது, ரூட் கெனாலைத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். அப்பா படித்துவிட்டு "நல்லதுதானே" என்றார். பல் மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி லேபிலேயே காலத்தை ஓட்டிய எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

வலி நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதுதான். மாத்திரை ரத்தத்தில்தான் போகும். செத்த நரம்புக்கு ரத்தம் ஏது? முகம் வீங்கி, காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும்தான். ஆனால் வேர்க்குழாய்க்குள் குடியேறிய கிருமிகளை அது நெருங்காது.

அந்தக் கிருமிகளை எனக்கு நன்றாகவே தெரியும். மெல்லிய காகிதக் குச்சியை வேர்க்குழாயில் விட்டு ஈரத்தை எடுத்து, கிருமி வளர்க்கும் ரத்த அகர் தட்டில் தடவி, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் வைத்து மூடுவோம். ஒரு வாரம் போல விட்டுத் திறந்தால் வரும் நாற்றம் இருக்கிறதே, அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், முதலில் பழுப்பாக, நாள் போகப் போகக் கன்னங்கரேலென்று. பிரிவோட்டெல்லா, போர்ஃபிரோமோனாஸ் வகையறா.

இவற்றின் வெளிச்சுவரே விஷம்தான். எண்டோடாக்சின் என்பார்கள். கிருமி உயிரோடு இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்; செத்து உடைந்தால் மொத்தமாக வெளியே வரும். காலராக் கிருமியைச் சூடாக்கிக் கொன்ற பிறகும் அது கினிப்பன்றிகளைக் கொல்வதை பெர்லினில் ரிச்சர்ட் பைஃபர் 1892 வாக்கிலேயே கண்டுவிட்டார். அதனால் உன் பல்லிலும் கிருமியைக் கொன்றுவிட்டால் மட்டும் போதாது.

இந்த விஷம் வேர் நுனித் துளை வழியாகத் தாடைக்குள் கசியும். அங்கே காவலுக்கு நிற்கும் வெள்ளையணுக்கள் அதைக் கண்டதும் இன்டர்லூகின், டிஎன்எஃப் என்று ரசாயனங்களைச் சுரக்கும். அந்தக் கலவரத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். ஆக, எலும்பைக் கரைப்பது நம் உடம்பேதான்! எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும், அதுதான் இது. பல பேருக்கு ஒரு துளி வலிகூட இருக்காது. வலியை வைத்து நீ கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்காததே இதனால்தான்.

கிருமி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளின் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கோ, துளையில் உணவு சிக்கிக் கிடந்தும், பல்லின் உட்பகுதியான டென்டின் புதிதாக வளர்ந்து காயம் மூடிக்கொண்டது.

ரூட் கெனாலில் டாக்டர் வேர்க்குழாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுவார். அது கிருமியைக் கொல்லும், செத்த சதையைக் கரைக்கும். எண்டோடாக்சினிடம் அவ்வளவாக வேலைக்காகாது. கழுவும்போது அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. அதற்குத்தான் சிலர் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளை மருந்தை உள்ளே வைத்து அனுப்புவார்கள். அதன் காரத்தன்மை அந்த விஷ மூலக்கூறின் கொழுப்புப் பகுதியை உடைத்துவிடும். ஒரே சிட்டிங்கில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், நன்றாகச் செய்தால் அதுவும் சரிதான். ஆனால் மறுபடி வரச் சொன்னால், காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று பாதியில் விட்டுவிடாதே. தற்காலிக அடைப்பு கசிந்தால் எச்சிலோடு எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும்.

அப்புறம், ரூட் கெனால் செய்தால் உடம்பு முழுக்க நோய் வரும் என்று உன் பெரியப்பா ஃபார்வர்டு செய்வாரே, அது நூறு வருஷப் பழைய கதை. அதை நம்பி அன்றைக்கு எத்தனையோ பேர் காப்பாற்றக்கூடிய பற்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள்.

தீபாவளி வரை இழுக்காமல் புனேயிலேயே இந்த வாரம் பார்த்துவிடு. எச்சில் பல்லுக்குள் போகாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பு, அதான் ரப்பர் டேம், போட்டுச் செய்வார்களா என்று முதலிலேயே கேள். எக்ஸ்ரேயை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எலும்பு திரும்ப வளர்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும், அழித்துவிடாதே. முடிந்ததும் பல்லுக்கு மேலே போடும் கேப்புக்குப் பணம் குறைந்தால் என்னைக் கேள். அப்பாவிடம் போனால் "வலிதான் இல்லையே" என்பார்.

அன்புடன்,
அம்மா