கண்ணாடியை இறக்கி மாட்டியவருக்கு

எங்கள் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளின்மேல் அன்பு கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் பல்வலியால் துடித்த சென்ற மாதத்து இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. வீங்கிய கன்னங்கள் வடிந்துவிட்டன. பிள்ளைகள் இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார்கள். நள்ளிரவில் யாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவதில்லை.

நேரம் பாராமல் வந்து பார்த்த பல் மருத்துவர்கள், உடன் வந்த மாணவர்கள், பிரஷ்ஷும் பற்பசையும் அனுப்பியவர்கள், பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் சென்று வாசலிலேயே காத்திருந்து அழைத்து வந்த ஓட்டுநர், வலியோடு இருந்தவர்களுக்குத் தனியாகக் குழைத்து ஊட்டிய சமையலறை அம்மாக்கள் ஆகிய அனைவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதாததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; ஏனெனில் இந்த மடலின் பெரும்பகுதி ஒரு தச்சருக்கு உரியது.

குளியலறைக் கதவின் அடிப்பாகம் உளுத்துப்போனதால் அதைச் சரிசெய்ய வந்தவர் அவர். அன்றுதான் மருத்துவர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, பெரிய மாதிரிப் பல்வரிசை ஒன்றைக் கையில் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பிரஷ்ஷைச் சற்றே சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் துலக்க வேண்டும் என்று செய்து காட்டினார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். (தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, வருகிறவர்களெல்லாம் ஓர் அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் வீட்டில் வளர்கிறவர்கள் அல்லவா.) எல்லாம் முடிந்த பிறகு தச்சர் என்னிடம் வந்து, "ஏம்மா, பிள்ளைங்க வாயைப் பிள்ளைங்க எங்கேம்மா பார்க்கும்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைக் காட்டினார். அது என் முகத்துக்கு நேராக இருந்தது. அத்தனை ஆண்டுகளாக நான் அதில் தலைவாரிக்கொண்டிருக்கிறேன். சிறியவர்கள் எட்டிப் பார்த்தால் அதில் கூரைதான் தெரியும் என்பது ஒருநாளும் உறைக்கவில்லை.

கதவை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். 5 வயதுப் பிள்ளை ஒருத்தியைச் சுவரோரம் நிறுத்தி, அவள் மூக்குக்கு நேராகப் பென்சிலால் கோடிழுத்து, அந்த உயரத்தில் மாட்டினார். அதுவரை எல்லாருடைய பிரஷ்ஷும் ஒரே குவளையில் தலைமுட்டி ஈரமாகவே கிடந்ததையும் பார்த்தவர், மிஞ்சிய பலகையில் இடைவெளி விட்டுத் துளைகள் போட்டு, ஒன்றோடொன்று உரசாமல் அவை நின்றபடி காய வழி செய்தார். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு பெயர். உடையும் பாயும் கைமாறிக்கொண்டே இருக்கும் வீட்டில், இது என்னுடையது என்று கைநீட்டிக் காட்ட ஓரிடம் அவர்களுக்குக் கிடைத்தது. கதவுக்கு உரிய கூலியைத் தவிர அவர் எதுவும் வாங்கவில்லை.

மறுநாள் காலை கண்ணாடிக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. 6 வயதுச் சிறுமி ஒருத்தி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அம்மா, எதுவும் விழாமலே பின்னாடி ஒரு பல்லு முளைச்சிருக்கு" என்று ஓடி வந்தாள். மருத்துவர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன பல் அதுதான். அந்த வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதையும் பால் பல் என்று நினைத்து, எப்படியும் விழப்போகிறதுதானே என்று விட்டுவிடுகிறவர்களில் நானும் ஒருத்தி. முளைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால், நேராகத் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். பக்கவாட்டிலிருந்து குறுக்கே நுழைத்துத் தேய்க்க வேண்டுமாம். இப்போது அவளே மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறாள்.

எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஈறில் ரத்தம் கண்டால் இரண்டு நாள் துலக்க வேண்டாம் என்போம். உண்மையில் பெரும்பாலும் அழுக்குப் படிந்து ஈறு வீங்கியதால்தான் ரத்தம் வருகிறது, மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால்தான் அது நிற்கும். இரவில் விளக்கை அணைக்கும் அவசரத்தில் துலக்கும் வேலையையே விட்டிருந்தோம்; உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் அந்த வேளைதான் முக்கியமாம். இனி 8 வயது நிரம்பும்வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இரவில் பெரியவர் ஒருவர் கைபிடித்துத் துலக்கிவிடுவோம். பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். நுரையைத் துப்பிய பின் வாயைத் தண்ணீர்விட்டு அலச விடமாட்டோம். 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுவோம்.

தச்சரே, அந்தப் பலகையில் எங்கள் கணக்குக்கு மேல் இரண்டு துளைகள் இருந்தன. எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று கேட்டதற்கு, "இன்னும் பிள்ளைங்க வருமேம்மா" என்றீர்கள். சென்ற வாரம் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். பையை இறக்கி வைக்கும் முன்பே பிள்ளைகள் அவனை இழுத்துப்போய் அதில் ஒரு துளையைக் காட்டினார்கள். அதன் கீழே அவன் பெயரை அப்போதே எழுதிவிட்டோம்.

நன்றியுடன்,
இல்லக் காப்பாளர்