விழுந்து கிடக்கும் வௌவால்

ஆசிரியருக்கு,

எங்கள் குளக்கட்டு மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. போன கிழமை ஒன்று கீழே விழுந்து, பறக்க மாட்டாமல் பல்லைக் காட்டிச் சீறிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் தடியால் புரட்டிப் பார்த்தார்கள். விசர்நோய் என்றால் எங்களுக்கு நாய் மட்டும்தான். ஆனால் கண்டிப் பக்கம் இதே இன வௌவால்களின் மூளையில், விசர்நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான கன்னொறுவை வைரஸ் இருந்ததை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வன்னியிலும் செத்துக் கிடக்கும் வௌவால்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஓர் ஒழுங்கு வேண்டும். மரத்தைத் தறிக்கச் சொல்லவில்லை. இலுப்பை விதையைப் பரப்புவதே இவைதானே! சரி, அதுவரை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால், கீறினால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாசகர்,
முள்ளியவளை