பணம் இல்லாதவருக்கு மட்டும் சிறை: நீதி அமைச்சருக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்காவது ஒரு கொடூரக் கொலை நடந்தாலோ, ஐஸ் போதைப்பொருள் பெருந்தொகையில் பிடிபட்டாலோ, மறுநாளே தூக்குமரத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் குரல் எழுகிறது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்து மேடைகளிலும் அது கேட்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். இலங்கையின் நீதவான் நீதிமன்றங்களில் அன்றாடம் விதிக்கப்படும் தண்டனையைப் பற்றித்தான் முதலில் தங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் வராத தண்டனை அது. மேடையில் யாரும் கைதட்டிக் கேட்காத தண்டனை. தண்டப்பணமும், அதைக் கட்டத் தவறினால் இத்தனை மாதச் சிறை என்று அதன் வாலில் தொங்கும் வரியும்.

நான் ஹட்டன் பக்கத்து நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சிங்களத்தில் வாசிக்கப்படும் தண்டனையைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்வது என் தொழில். சட்டத்தரணியின் வாதத்தையும் பொலிஸாரின் அறிக்கையையும் எல்லோரும் கேட்பார்கள்; தண்டனை ஒரு மனிதரின் முகத்தில் போய் இறங்கும் கணத்தை மிகக் கிட்டத்தில் பார்ப்பது மொழிபெயர்ப்பாளர்தான். பார்த்தவற்றை வைத்தே எழுதுகிறேன்.

தண்டனை எதற்காக என்று கேட்டால் சட்டம் படித்தவர்கள் பல நோக்கங்களைச் சொல்வார்கள். செய்த குற்றத்துக்கு ஈடான வலியைக் குற்றவாளி உணர வேண்டும். அவரும் அவரைப் பார்ப்பவர்களும் இனி அதைச் செய்ய அஞ்ச வேண்டும். அபாயமானவரிடமிருந்து சமூகம் காக்கப்பட வேண்டும். திருந்தக்கூடியவர் திருந்த வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கிடைக்க வேண்டும். 1955 இல் சட்டமா அதிபர் எதிர் எச்.என்.டி சில்வா வழக்கில் நீதியரசர் பஸ்நாயக்க, தண்டனையைக் குற்றவாளியின் பக்கம் நின்று மட்டும் பார்க்காமல் பொதுமக்களின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும் என்று சொன்னார். இன்றும் நீதிமன்றங்களில் அது எடுத்தாளப்படுகிறது. நான் வாழும் மலைகளின் பொதுமக்கள் பக்கம் நின்று பார்த்தால், தண்டப்பணம் மேற்சொன்னவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காக நிறைவேற்றவில்லை.

கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்தில் கோடா ஊறல் நிறைந்த பீப்பாயைப் புதைத்து வைத்துக் காய்ச்சுவிப்பவர் ஒருவர். போத்தலைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சுமப்பவர் வேறொருவர். பிடிபடுபவர் பெரும்பாலும் இரண்டாமவர். எப்போதாவது முதலாமவர் பிடிபட்டாலும், அவருடைய சட்டத்தரணி காலையிலேயே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பார். பத்து மணிக்குப் பணம் கட்டப்படும். பதினொரு மணிக்கு அவர் நகரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தத் தொகை வியாபாரச் செலவு. ஒரு வார விற்பனையில் அது திரும்பி வந்துவிடும். பார்க்கிற இளைஞர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், பிடிபட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதே.

போத்தலைச் சுமந்தவரின் கதை வேறு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். எடுத்துக்காட்டாக 30,000 ரூபாய் தண்டப்பணம் என்றால், அந்தச் சம்பளத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் உழைத்தாலும் 22 நாட்களுக்கு மேல் போகும். கொழுந்து குறைந்த மாதத்தில் தோட்டம் அத்தனை நாள் வேலையே கொடுக்காது. கொடுத்தாலும், பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறையை எட்டாத நாளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். ஒரே குற்றம், ஒரே சட்டப்பிரிவு, ஒரே தொகை. ஒருவருக்கு அது ஒரு காலைப் பொழுது, மற்றவருக்கு ஒரு மாத வாழ்க்கை.

பணம் கட்டுவது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வழக்கு என் மனத்தை விட்டுப் போகவில்லை. குடித்துவிட்டு வந்து மனைவியின் கையை முறித்தவர் அவர். புகார் கொடுத்தது அந்த மனைவிதான். லயத்தார் பேச்சையும் தலைவரின் சமாதானத்தையும் மீறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். தண்டப்பணமும் கட்டத் தவறினால் சிறையும் என்று தீர்ப்பானது. நான் அதைத் தமிழில் சொன்னபோது கணவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பின்வாங்கில் இருந்த மனைவிதான் எழுந்து நின்றார். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்க, மற்றக் கையால் காதுத் தோட்டைக் கழற்ற முயன்றார். ஒற்றைக் கையால் திருகைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்த கிழவி கழற்றிக் கொடுத்தார். சிறைச்சாலை பஸ் புறப்படுவதற்குள் அடகுக்கடைக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று ஓடினார். அவர் கட்டிய பணம் அரசாங்கத்துக்குப் போனது. முறிந்த கைக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை. அன்று தண்டிக்கப்பட்டது யார் என்று தங்களையே கேட்கிறேன்.

பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும்படி குற்றவாளியைப் பணிக்கும் அதிகாரம் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கென்று 2015 இல் தனிச் சட்டம் வந்து, 2023 இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட அனுமதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஏட்டில் எல்லாம் உண்டு. ஆனால் நூறு வழக்குகள் அழைக்கப்படும் ஒரு திங்கட்கிழமையில், சட்டத்தரணி இல்லாமல் நிற்கும் தோட்டத் தொழிலாளி தவணை கேட்கலாம் என்பதை யார் அவருக்குச் சொல்வது? கேட்டால் கிடைக்கும் ஒன்று, கேட்கத் தெரியாதவருக்குக் கிடைப்பதில்லை.

பணம் வராவிட்டால் சிறை. தண்டனை பெற்றுச் சிறைக்கு வருவோரில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் என்பதைத் தங்கள் பொறுப்பில் உள்ள சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிவரங்களே காலங்காலமாகக் காட்டி வருகின்றன. நீதவான் இவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நேரடியாகவே சிறைத்தண்டனை விதித்திருப்பார். சிறைக்குப் போகும் அளவுக்கு இந்தக் குற்றம் பெரிதல்ல என்று நீதிமன்றமே முடிவு செய்த மனிதர்கள், வறுமையால் மட்டும் சிறைக்குப் போகிறார்கள்.

அங்கே அவர்கள் திருந்துகிறார்களா? நமது சிறைகள் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கும் மேலான மனிதர்களை அடைத்து வைத்திருக்கின்றன. 1876 இல் கட்டப்பட்ட கண்டி போகம்பறைச் சிறையை மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோன பிறகும் நெரிசல் தீரவில்லை. 2020 நவம்பரில் மஹர சிறையில் 11 பேர் உயிரிழந்ததை நாடு பார்த்தது. முறைவைத்துப் படுத்துறங்கும் ஒரு கூடத்தில் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ வந்து போகிறவருக்கு எந்தத் தொழிற்பயிற்சியும் கொடுக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது அறிமுகங்கள். ஒரு போத்தல் கசிப்புக்காக உள்ளே போன பையன், ஹெரோயின் பொட்டலம் யாரிடம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறான். வரும்போது தோட்டத்தில் அவனுடைய பேர் வெட்டப்பட்டிருக்கும். அதற்குள் அவனைப் பார்க்க அம்மா வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போன நாட்களின் கூலியும் போயிருக்கும்.

எங்கள் மக்களுக்குச் சிறையோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போனதற்காகவே கூலியாட்கள் சிறையில் தள்ளப்பட்டார்கள். கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக விடும் துண்டுச் சீட்டு முறையும் அந்தத் தண்டனைகளும் 1920களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தன. இரண்டு தலைமுறைக்கு மேல் ‘உள்ளே போவது’ என்பது தோட்டத்தை நடத்திய துரைக்குப் பிடிக்காமல் போனதன் விளைவாகவே இருந்தது. தண்டனையில் நியாயம் இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே தானாக வளர்ந்திருக்க வாய்ப்பில்லை; அதை நீதிமன்றம்தான் நாளும் சம்பாதிக்க வேண்டும்.

பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆற்றோரங்களில் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வும் இதே கதைதான். குழிக்குள் இறங்கிச் சேற்றோடு நிற்கும் நாட்கூலிகள் கைதாகிறார்கள். குழிக்குப் பணம் போட்டவர் குழிக்கு அருகே வருவதே இல்லை. ஆறு கெட்டதற்கான விலையையும் அவர் கொடுப்பதில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பின்லாந்து 1921 இலேயே நாட்கணக்கில் தண்டப்பணம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஜெர்மனி 1975 இல் பின்பற்றியது. குற்றம் எவ்வளவு பாரதூரமானது என்பதைப் பொறுத்து இத்தனை நாள் என்று நீதிமன்றம் தீர்மானிக்கும். ஒரு நாளின் விலை அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. பத்து நாள் என்றால் கொழுந்து பறிப்பவருக்கு அவருடைய பத்து நாள், கசிப்பு முதலாளிக்கு அவருடைய பத்து நாள். ஜெர்மனியிலும் கட்டாதவர்கள் சிறைக்குப் போகத்தான் செய்கிறார்கள். அந்த முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி இருவருக்கும் சமமாக விழுகிறது. நாட்சம்பளத்திலேயே வாழ்வைக் கணக்கிடும் எங்கள் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை. முதலாளியின் உண்மையான வருமானத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கட்டிய வீட்டையும் ஓடும் வாகனத்தையும் பார்த்து மதிப்பிடுவது அவ்வளவு கடினமல்ல.

இன்னொரு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை உண்டாக்கியது. சிறு குற்றம் செய்தவர் வீட்டிலிருந்தபடியே, தொழிலை விடாமல், உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பொது வேலை செய்யலாம்; குடியிலிருந்தோ போதையிலிருந்தோ மீளும் நிகழ்ச்சிக்குப் போகலாம். குடியால் சீரழிந்த ஒருவருக்கு அந்தக் குடியையே நேரடியாகத் தொடும் தண்டனை இது ஒன்றுதான். பாடசாலை மதிலைக் கட்டுவதையும் அடைத்துப்போன கானைத் துப்புரவாக்குவதையும் ஊரே பார்க்கும். செய்த தவறுக்கு ஊருக்கு ஏதோ திரும்பக் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த தண்டனைகளிலேயே பெரும்பாலான நோக்கங்களை ஒன்றாக நிறைவேற்றுவது இதுதான் என்பேன். ஆனால் தமிழில் உட்கார்ந்து பேசக்கூடிய உத்தியோகத்தர் இல்லாவிட்டால், மலையகத்தில் அது வெறும் கையெழுத்து வைக்கும் சடங்காகிவிடும். அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது. நீதிமன்ற வாசலோடு அந்த உரிமை நின்றுவிட்டால் போதாது. தனக்கு என்ன தண்டனை, ஏன் அது, மீறினால் என்ன என்பது புரியாதவர் எப்படித் திருந்துவார்? மீண்டும் குற்றம் செய்தால் அனுபவிக்க வேண்டிய, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்ற பலர் ‘விடுதலை’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் அறிவேன். மறுமுறை பிடிபடும்போதுதான் தலைக்கு மேல் தொங்கியது என்ன என்று தெரிகிறது.

இனித் தூக்குமரம். ஹெரோயினுக்கு மரண தண்டனை 1984 இல் சட்டமானது. இரண்டு கிராம் போதும். அதன் பிறகு ஹெரோயின் குறைந்ததா? ஐஸ் வந்து சேர்ந்தது. 1976 க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை, அதனால்தான் அச்சம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் 1976 க்கு முன் தூக்கு நடந்த காலத்தில் இந்நாட்டில் கொலை இல்லையா? பிடிபடுவோம் என்று நினைத்து எவரும் கடத்துவதில்லை. பிடிபடுவது உறுதி, வழக்கு விரைவில் முடிவது உறுதி என்றானால் அச்சம் தானாக வரும். பத்து ஆண்டு இழுபடும் வழக்கின் முடிவில் எந்தத் தண்டனையைத் தொங்கவிட்டாலும் அது யாரையும் தடுக்காது. தூக்கில் போடப்பட்ட பின் தவறு தெரிந்தால் திருத்த வழியும் இல்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களே அந்தத் தவறுக்குப் பலியாவார்கள்.

சிறையே வேண்டாம் என்று யாரும் என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளைச் சீரழித்தவர், மனைவியைக் கொல்லும் வரை அடிப்பவர், ஐஸ் மொத்த வியாபாரி ஆகியோரை உள்ளே வைத்தே ஆக வேண்டும். நீண்ட காலம் வைக்க வேண்டும். சிறுமியை நாசமாக்கியவருக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுக்கப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது என் வயிறு எரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒழுங்கான காவலும் ஒழுங்கான சீர்திருத்தமும் கொடுக்க வேண்டுமானால், 30,000 ரூபாய் இல்லாதவர்களால் சிறையை நிரப்பக் கூடாது.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. தண்டப்பணத்தை வருமானத்தோடு பொருத்தும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். அது வரும்வரை, தவணையில் கட்டலாம் என்பதைத் தண்டனையோடு சேர்த்தே, கூண்டில் நிற்பவரின் மொழியில், கேட்காமலே சொல்லும் நடைமுறை ஏற்பட வழிசெய்யுங்கள். கட்ட முடியாதவர் என்று தெரிந்தால் சிறைக்கு முன் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பரிசீலிக்கப்பட வேண்டும். வீட்டு வன்முறை வழக்குகளில் இழப்பீடு முதலில், தண்டப்பணம் பிறகு. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்துக்கும் தமிழ் பேசும் சீர்திருத்த உத்தியோகத்தர் ஒருவரை நியமியுங்கள். தோட்டப் பாடசாலைகளில் படித்துப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். எந்த நீதிமன்றத்திலிருந்து எத்தனை பேர், எவ்வளவு தொகை கட்ட முடியாமல் சிறைக்குப் போனார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.