18 நிமிடப் பாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். கோத்தகிரியில் ஒரு வாரமாக மழை விடவில்லை, இலை பறிக்க ஆள் வரவில்லை. பொழுது போகாமல் நீ காலேஜ் நாளில் பாட்டு ஏற்றி வைத்திருந்த பென் டிரைவை எடுத்துப் போட்டேன். டிசம்பரிஸ்ட்ஸ் என்ற ராக் குழுவுக்கு மட்டும் தனி ஃபோல்டரே வைத்திருக்கிறாய். முன்பு நீ போட்டுக் காட்டியதில் அந்த அக்கார்டியன் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

இந்தத் தடவை 'தி டாய்ன்' சிக்கியது. 2004-இல் வந்தது. ஒரே பாட்டு, ஐந்து பகுதி, 18 நிமிடத்துக்கு மேல். அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருக்கும் இண்டி ராக் பையன்களுக்கு ஏன் இவ்வளவு நீளம் என்று உன் தம்பி கேட்கிறான். ஜெத்ரோ டல் குழு 1972-இல் ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே பாட்டாகப் போட்டார்கள், பாதியில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு 18 நிமிடம் ஒரு நேரமா? முதலில் கிட்டார் தனியாக, தயங்கித் தயங்கி ஒரு சின்னத் துணுக்கை வாசிக்கிறது. டிரம்ஸ் வந்து விழுந்ததும் அதே துணுக்கு சாமியாடுகிறது.

கதை இப்போது நீ இருக்கும் அயர்லாந்தின் பழைய கதைதான். பாட்டில் வரிசையாக வராது, அதனால் தனியாகப் படித்துவிட்டு மறுபடி கேட்டேன். கொனாக்ட் என்ற நாட்டின் ராணி மேவும் அவள் புருஷனும் படுக்கையில் சொத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். எல்லாம் சரிசமம், அவனிடம் ஒரு வெள்ளைக்கொம்புக் காளை மட்டும் கூடுதல். அதுவும் அவள் மந்தையில் பிறந்தது. பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கப் பிடிக்காமல் அவனிடம் போய்விட்டதாம்! அதற்கு ஈடான காளை உல்ஸ்டர் நாட்டில் கூலி என்ற இடத்தில் இருக்கிறது என்று படை கிளம்புகிறது. பத்தாவதில் நீ மனப்பாடம் செய்த வெட்சித்திணைதானே இது? கரந்தைக்குத்தான் ஆளில்லை. ஒரு சாபத்தால் உல்ஸ்டர் ஆண்களுக்கெல்லாம் பிரசவ வலி, கூகுலின் என்ற பையன் மட்டும் தனியாக நின்று தடுக்கிறான். பிரசவ வலி என்றதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் ஹெட்போனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு காட்டெருமை தண்ணீர்த் தொட்டிவரை வந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. அன்றோடு திண்ணையில் ஹெட்போனுக்குத் தடை.

அப்புறம் ஃபோல்டரில் மீதியையும் கேட்டேன். 2006-இல் வந்த 'தி கிரேன் வைஃப்' எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் 'தி ஐலண்ட்' 12 நிமிடம், நடுவில் ஆர்கன் ஓடுகிற ஓட்டம் அசல் எழுபதுகள். 2011-இல் அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆல்பம் சப்பென்று இருக்கிறது, நீ சண்டைக்கு வந்தாலும் அதுதான் என் கருத்து.

2018 ஆல்பத்தோடு அவர்களை விட்டுவிட்டேன் என்றாயே, 2024-இல் இன்னொன்று வந்திருக்கிறது தெரியுமா? கடைசிப் பாட்டு ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி, 19 நிமிடம். நடுவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், நான் டீ போட எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேகம் பிடித்திருந்தது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

கதையில் வரும் அந்தக் கூலி, டப்ளினுக்கு வடக்கே லவுத் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே கார்லிங்ஃபோர்ட் என்ற ஊரிலிருந்து இந்தக் கதையின் பெயரிலேயே 40 கிலோமீட்டர் நடைபாதை உண்டாம். லீவு கிடைத்தால் போய்ப் பார். ஷூ நல்லதாகப் போட்டுக்கொள். வர்க்கியும் டீத்தூளும் அடுத்த வாரம் பார்சல் போடுகிறோம், வேறு ஏதாவது வேண்டுமென்றால் அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா