நீ பிறந்த வருஷத்துப் பரோலோ

அன்புள்ள மகளுக்கு,

லண்டனில் சிநேகிதிகளோடு வாங்கிக் குடித்த இத்தாலியப் பரோலோ சிவப்பு வைன் வாயெல்லாம் துவர்த்தது, இதற்கா இவ்வளவு காசு என்று எழுதியிருந்தாய். 2021ஆம் ஆண்டுப் போத்தல் என்றாய். அதைத் திறந்ததுதான் அவசரம், பிள்ளை. பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புச் சத்து மிக அதிகம். இளசில் குடித்தால் இளம் பாக்கை மென்றது போல நாக்கைப் பிடித்து இழுக்கும். வருஷம் போகப் போக அந்த டானினும் நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, வண்டலாக அடியில் இறங்கும். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் வைத்திருந்துதான் பரோலோவை விற்கலாம் என்பது சட்டம். விற்பதற்கு அது போதும், குடிப்பதற்குப் போதாது.

போன கிழமை ரெஸ்டோரன்ட் பூட்டிய பிறகு முதலாளி சமையல்கட்டில் நின்ற எங்கள் எல்லோருக்கும் ஒரு பழைய போத்தல் திறந்தார். பரோலோ ஊரில் வைன் செய்த பார்த்தோலோ மஸ்கரெல்லோ வீட்டு வைன், 2004. நீ பிறந்த வருஷம் என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கிளாஸில் ஊற்றினால் எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய நிறம். நடுவில் செங்கல் சிவப்பு, ஓரத்தில் செம்மஞ்சள். முதலில் மழை விழுந்த மண்ணும் காளானும்தான் மணத்தன. அரை மணி நேரம் பேசாமல் விட்டோம். அப்புறம் காய்ந்த ரோசாப்பூ, தோடம்பழத்தோல், அதிமதுரம், அதற்கடியில் ரோட்டுக்குப் போடும் தார். தார் என்றதும் முகம் சுளிக்காதே, ரோசாவோடு சேரும்போது அது எவ்வளவு அழகு என்று குடித்தால்தான் தெரியும். வாயில் புளிப்பு இன்னும் உயிரோடு இருந்தது. துவர்ப்பு கடைசியில் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போனது. விழுங்கி வெகுநேரம் ஆகியும் மணம் போகவில்லை.

பார்த்தோலோ 2005 மார்ச்சில் காலமானார். ஆகவே 2004 அவர் உயிரோடு இருந்தபோது நடந்த கடைசி அறுவடை. பரோலோ ஊரில் கன்னூபி, சான் லொரென்சோ, ருவே, பக்கத்து லா மோர்ராவில் ரொக்கே என்று அவர்களுக்கு நாலு தோட்டத் துண்டுகள். மற்றவர்கள் தோட்டம் தோட்டமாகப் பெயர் போட்டுக் கூடின விலைக்கு விற்கத் தொடங்கியபோதும் அவர் தகப்பன் செய்தபடி நாலையும் கலந்து ஒரே பரோலோவாகவே செய்தார். சீமெந்துத் தொட்டியில் நொதிக்க வைத்து, குரோஷியாவின் ஸ்லவோனியா ஓக் மரத்துப் பெரிய பீப்பாய்களில் வருஷக்கணக்கில் விடுவது அவர் முறை. பாரிக் என்ற 225 லீட்டர் பிரெஞ்சுச் சின்னப் பீப்பாய் அவருக்குப் பிடிக்காது. ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று கையால் எழுதி லேபிளே ஒட்டினார். பெர்லுஸ்கோனி இத்தாலியில் பிரதமராக இருந்த அரசியல்வாதி. இப்போது மகள் மரியா தெரேசா அதே முறையில் நடத்துகிறார்.

அதே மலையில் இன்னொரு பிள்ளையும் இருந்தார். லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1983இல் தகப்பனின் பழைய பீப்பாய்களைச் செயின் ரம்பத்தால் அறுத்துவிட்டு பாரிக் வாங்கினார். தகப்பன் அவரைச் சொத்தில் இருந்து விலக்கிவிட்டார். என் வாய்க்கு மஸ்கரெல்லோ முறைதான் பிடிக்கும். ஆனாலும் அந்தத் தகப்பன் செய்தது பிழை என்றுதான் நினைக்கிறேன். எலியோவின் வைனும் நல்ல வைன். ஒரு பீப்பாய்க்காகப் பெற்ற பிள்ளையை விடலாமா? இதை உனக்கு எழுத வேண்டும் என்று அன்றிரவே நினைத்தேன்.

சரி, உன்னிடம் இன்னொரு போத்தல் மிச்சம் என்றாயே, அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே. குளிரான, இருட்டான இடத்தில் படுக்க வைத்து மறந்துவிடு. பொறுக்க முடியாவிட்டால் காலையில் திறந்து அகன்ற சாடியில் ஊற்றி வைத்துவிட்டு, இரவு கொழுப்புள்ள இறைச்சியோடு குடி. இறைச்சி துவர்ப்பை நன்றாக அடக்கும்.

அக்டோபரில் ஆல்பா நகரில் ட்ரஃபிள் காளான் சந்தை தொடங்கிவிடும், சனி ஞாயிறு எனக்கு லீவு தரமாட்டார்கள். வார நாளாகப் பார்த்து டிக்கெட் போடு. பரோலோவுக்கு நானே கூட்டிப்போகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
அப்பா