டூலாவைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்காதீர்கள்

பேறுகால மருத்துவமனை நிர்வாகத்துக்கும் பிரசவ அறைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம். நான் ஒரு டூலா, அதாவது மருத்துவம் பார்க்காமல், பிரசவம் முழுக்கத் தாய்க்கு ஆறுதலும் துணையுமாக உடனிருப்பவள்.

போன வாரம் பிரசவ அறை வாசலில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. புகார்ப் பதிவேட்டில் இருக்கிறது. 'தாயும் சேயும் நலம், எனவே புகார் முடிக்கப்பட்டது' என்ற உங்கள் பதிலும் வந்து சேர்ந்தது. நலம்தான், மகிழ்ச்சி. ஆனால் புகார் நலம் பற்றியது அல்ல. ஒருவருக்குத்தான் அனுமதி, கணவரா டூலாவா என்று, வலி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணையே வாசலில் நிறுத்திக் கேட்டது பற்றியது. கணவர் உள்ளே போனார். அந்தப் பெண்ணின் டூலாவான நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூலாவைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்காதீர்கள். தாய் விரும்பும் குடும்பத்து ஆள் ஒருவர், கூடவே டூலா. அவ்வளவுதான்.

அன்று குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. பின்னந்தலை முதுகெலும்பை அழுத்த, வலி முழுக்க இடுப்பின் பின்புறம் இறங்கியது. இப்படிப்பட்ட வலிக்கு ஒரு வழி உண்டு. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் தட்டையான எலும்பின்மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, வலி ஏறத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், அது இறங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. உச்சிக்குப் போன பிறகு அழுத்தினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கடைசி மாதங்களில் இதைச் சேர்ந்து பழகியிருந்தோம், கணவருக்கும் காட்டியிருந்தேன். ஆனால் மனைவி அலறுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மனிதருக்குக் கை வைக்கும் இடம் எப்படி நினைவிருக்கும்? இரண்டு வலிகளுக்கு நடுவே வெளியே ஓடி வந்து, "இன்னும் மேலேயா, கீழேயா?" என்று கேட்டார். தாழ்வாரச் சுவரில் கையை ஊன்றிக் காட்டினேன். எவ்வளவு அழுத்தம் என்று சுவரில் எப்படிக் காட்டுவது? திரும்ப உள்ளே போக அவருக்கு மறுபடியும் கவுன், தொப்பி, காலுறை, கையெழுத்து. அதற்குள் அடுத்த வலி வந்து போய்விட்டது. அந்த வலியை அந்தப் பெண் தனியாகத் தாங்கினார்.

பணியில் இருந்த செவிலியர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ஒருவர், வலியில் இருந்த பெண்கள் பலர். இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். நடுவில் ஷிஃப்ட்டும் மாறியது. கருப்பை வாய் விரிந்து எட்டு சென்டிமீட்டரைத் தாண்டி, 'என்னால் முடியாது' என்று பெண்கள் பெரும்பாலும் சொல்லும் அந்த நேரத்தில், கர்ப்ப காலம் முதல் அந்தப் பெண்ணுக்குப் பழகிய முகம் கதவுக்கு வெளியே இருந்தது.

ஆதாரம் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். குழந்தை மருத்துவர்களான ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் மற்றவர்களும் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், டூலா உடனிருந்த பெண்களில் 8 சதவீதம் பேருக்குச் சிசேரியன் நடந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டு அறிக்கையும், இடைவிடாத துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது என்றே சொல்கிறது. பெண் விரும்பும் துணை பிரசவம் முழுக்க உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்துவிட்டது. அதனால்தான் கணவரை விடுகிறோம் என்பீர்கள். சரி. ஆனால் கணவரும் அன்று பயந்துபோய்த்தான் இருக்கிறார். அவரைப் பார்த்து 'கொஞ்சம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், இதெல்லாம் இயல்புதான்' என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டாமா?

நாங்கள் உள்பரிசோதனை செய்வதில்லை, மருந்தைத் தொடுவதில்லை, மானிட்டரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. மருத்துவர் ஒன்றைச் சொல்லும்போது, 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று தாயிடம் கேட்போம். சிலருக்கு அதுதான் உறுத்துகிறதோ என்னவோ. எல்லை மீறுகிற டூலாக்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களை வெளியே அனுப்புங்கள், நானே ஆதரிப்பேன்.

தொற்று பரவும் என்று ஒரு காரணம் சொன்னார்கள். நான் தாழ்வாரத்தில் இருந்தபோது ஏ.சி. பழுதுபார்க்க வந்தவர் ஏணியோடு உள்ளே போனார். பயிற்சி மாணவர்கள் கூட்டமாகப் போனார்கள். ஏணியில் ஒட்டாத தொற்று என் கையில் மட்டும் எப்படி ஒட்டியது என்று விளக்கினால் தெரிந்துகொள்வேன். முகப்பில் ஆளுயரப் பலகையில் 'தாய்க்கே முதலிடம்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். உள்ளே அதே தாயை மல்லாந்து படு, கத்தாதே, அசையாதே என்கிறார்கள். மீறினால் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி ஏறுகிறது. யாருக்கு யார் ஒத்துழைக்க வேண்டும் என்று அந்தப் பலகையில் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் இருக்காது.

பேச்சு எங்கோ போய்விட்டது. பணிவோடு கேட்பது அதே ஒன்றுதான்: டூலாவைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்காதீர்கள். இதற்கு நீங்கள் விதி வகுத்தால் நாங்கள் கட்டுப்படுவோம். 36-ஆவது வாரப் பரிசோதனையின்போதே டூலாவின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டை கொடுங்கள். அவசரம் என்று மருத்துவர் சொன்னால் அந்த நொடியே வெளியேறுவோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிசேரியன் ஆனால் தாயின் தலைமாட்டில் உட்கார அனுமதிக்கலாமா என்பதை மயக்க மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது என்னிடம் பதிந்திருப்பவர்களில் சிலர் பிரசவத்துக்கு உங்களிடம்தான் வருகிறார்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அவர்களுக்கு வலி எடுப்பதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால், வேறு மருத்துவமனை பார்க்க அவர்களுக்கு நேரமாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு டூலா