பழவேற்காட்டில் கரையிலிருந்தே பறவை காட்ட ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களின் மீனவ இளைஞர்கள்,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவள்ளூர்.

பொருள்: பழவேற்காடு பறவைகள் சரணாலயம் – பூநாரைகளைப் படகில் விரட்டிக் காட்டுவதைத் தடுத்தல் – அண்ணாமலைச்சேரிக் கரையில், பறவைகளுக்குத் தெரியாமல் இருந்து பார்க்கும் மறைப்பிடம் அமைத்து உள்ளூர் மக்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நம் மாவட்டத்திலும் இருப்பதையும், நம் பக்கத்தில் 153.67 சதுர கி.மீ. பரப்பு 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள். பருவமழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கியதும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கூழைக்கடா, ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா ஆகியவையும் உடன் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கச் சென்னையிலிருந்து மக்கள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சியே. பறவைகளைக் காட்டும் முறைதான் எங்களுக்கு வருத்தம் தருகிறது.

பூநாரை ஆழமில்லாத நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடிகட்டி நுண்ணிய உயிர்களைத் தின்னும் பறவை. வயிறு நிறைய அதற்கு நெடுநேரம் ஆகும். சிலர் இயந்திரப் படகில் ஆட்களை ஏற்றி வந்து, செந்நிறச் சிறகு விரியும் ஒரு படத்துக்காக, மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தை வேண்டுமென்றே எழுப்பிவிடுகிறார்கள். ஒரே காலையில் ஒரு கூட்டம் மூன்று முறை எழுந்து இறங்கியதை நாங்கள் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். இரைதேட வந்த பறவை, தின்றதைப் பறந்தே தீர்க்க வேண்டியதாகிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த துயரத்தை எங்கள் ஊர் மறக்கவில்லை. ஆகவே, சுற்றுலாப் படகுகளை அனுமதிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. படகே இல்லாமல் பறவை காட்ட வழிசெய்யும்படி கேட்கிறோம்.

இதற்கு முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் ஊடே போவதால், அங்கே மக்கள் சாலையோரம் நின்றபடியே பூநாரைகளைப் பார்க்கிறார்கள். அண்ணாமலைச்சேரிக் கரையில் பனையோலை வேய்ந்த ஒரு மறைப்பிடமும், முக்காலியில் நிறுத்திய இரண்டு தொலைநோக்கிகளும் இருந்தால் நம் பக்கமும் அது போதும். சிமெண்ட் கோபுரம் வேண்டாம். உயரத்தில் ஆள் நடமாடுவது பறவைக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.

வழிகாட்டிகளாக எங்கள் கிராமங்களின் இளைஞர்களையும், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் தேர்ந்தெடுத்து, வனத்துறை வழியாகப் பயிற்சியும் அடையாள அட்டையும் அளிக்க வேண்டுகிறோம். எந்த மாதத்தில் எந்தத் திட்டில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது இவர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். வேலையைப் பங்கிடுவதில் சண்டை வருமோ என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் இந்த ஏரியில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதே போல் வழிகாட்டும் நாட்களையும் பகிர்ந்துகொண்டு, பார்வையாளர் தரும் கட்டணம் அன்றன்று முறை உள்ளவருக்கே சேரும்படி செய்யலாம்.

இங்கே கலைக்கப்பட்ட கூட்டம் வடக்கே ஆந்திரப் பக்கம் போய் இறங்குகிறது. அங்கே கலைத்தால் இங்கே வருகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் காவல் இருந்து பயனில்லை என்பதால், திருப்பதி மாவட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி, டிசம்பர் முதல் மார்ச் வரை இரு பக்கமும் ஒரே விதியும் கூட்டு ரோந்தும் இருக்க ஆவன செய்யக் கோருகிறோம்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். பறவைப் பாதுகாப்பின் பேரால் மீன்பிடி உரிமைக்குக் கட்டுப்பாடு வந்துவிடுமோ என்று எங்கள் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி எதுவும் நேராது என்ற உறுதி தங்கள் ஆணையிலேயே எழுத்தில் இடம்பெற்றால், முதியோரும் மனமுவந்து துணைநிற்பார்கள்.

வரும் பருவமழைக்கு முன் தாங்கள் அண்ணாமலைச்சேரிக்கு நேரில் வந்து இடத்தைப் பார்வையிட்டு, கிராமத்தாருடன் பேசி, உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைக் கிராமங்களின் மீனவ இளைஞர்கள்

இடம்: பழவேற்காடு
நகல்: வன உயிரினக் காப்பாளர் அவர்கள், சார் ஆட்சியர் அவர்கள், பொன்னேரி.